ஓய்வுப் பலகையின் நடு எழுத்து

மச்சான்,

இன்று வீடு முழுக்க வினாகிரி மணம். மகள் சுஷி செய்கிறாளாம். அந்தச் சோற்றைக் கிளறிக் கிளறியே தோள் இறங்கிப்போனவன் நான்; அவளுக்கு அது விளையாட்டு. மணம் மூக்கில் ஏறியதும் உன்னோடு சண்டை பிடிக்கவேண்டும் போலிருந்தது.

லீவு நாளில் எங்கள் ஜப்பான்கார முதலாளி, பத்ரோன், உணவகக் கதவில் தொங்கவிடும் பலகை நினைவிருக்கிறதா? அதன் நடு எழுத்தை அந்த ஜப்பான்காரர் ‘கியூ’ என்று வாசித்ததை என் காதால் கேட்டேன். நீயோ வேலைத் தாளில் லீவு நாளுக்கு நேரே இருக்கும் அதே எழுத்தைக் காட்டி, “யசுவடா. உனக்குக் காதும் பழுது, கண்ணும் பழுது” என்பாய். ஓ.எல். பரீட்சையோடு விலகிப் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றிய இரண்டு பேர், சீன எழுத்துக்கு வழக்காடினோம். பத்ரோனையே கேட்போமென்றால் விடமாட்டாய்.

“கேளாதை மச்சான். பிறகு வேலை முடிஞ்சு லா ஷப்பல் ஸ்டேசன் வரைக்கும் என்னத்தைக் கதைச்சுக்கொண்டு போறது?”

நீ ஆஸ்பத்திரியில் மெலிந்து கிடந்தபோது, சண்டையை மூட்டினால் எழும்பிவிடுவாய் என்று நினைத்தேன். வேறென்ன தெரியும் எனக்கு? டாக்டரின் பிரெஞ்சில் பாதி விளங்கவில்லை. விளங்கிய பாதி, விளங்காமலே இருந்திருக்கலாம். “அது கியூதான்டா” என்றேன். நீ கண்ணைத் திறக்காமலே, “ஓம் மச்சான், கியூதான்” என்றாய். அப்படியொரு பயம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. “டேய், விட்டுக்குடாதை. ஏசடா என்னை” என்று கெஞ்சினேன். நீ சிரித்தாய். அவ்வளவுதான்.

உணவகத்தை மூடியபோது பத்ரோன் தந்த அந்தப் பலகை இப்போது என் குசினிக் கதவில். மகள் ஜப்பான் மொழி படிக்கிறாள். இத்தனை நாள் கேளாமல் இருந்தவன், இன்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

“லே தூ, பப்பா” என்றாள். இரண்டும் சரியாம்! இடப்பக்கம் ஆள், வலப்பக்கம் மரம். மரத்தில் சாய்ந்து களைப்பாறுகிற மனிசன். சீனத்திலிருந்து எழுத்தோடு வந்த ஓசை கியூ. ஓய்வுக்கு ஜப்பானியரிடம் ஏற்கெனவே இருந்த சொல் யசு. அதையும் அதே எழுத்தின் தலையில் ஏற்றிவிட்டார்களாம்.

சப்பாத்தைப் போட்டுக்கொண்டு படியிறங்கி ஓடினேன். ரோட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன், யாரிடம் போகிறேன் என்று.

திரும்பி வந்து பலகைக்கு முன்னால் நின்றேன். “கியூ” என்றேன். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். உள்ளே மகள் சோறு கிளறும் சத்தம் மட்டும்.

பிறகு நானே சொன்னேன்: “யசுவடா. உனக்குக் காதும் பழுது, கண்ணும் பழுது.”