ஒரே வீட்டுக்கு இரண்டு உறைகள்

ஹெக்கிள்தோர்ப், யார்க்‌ஷயர்
14 ஏப்ரல் 2019

அன்புள்ள கெர்ரிக்கு,

நானும் அப்பாவும் உடம்புக்குச் சுகம். போர்ச்சுகலில், போர்ட்டோவில் நீயும் மாப்பிள்ளை ரூயியும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன ஞாயிறு தொலைபேசியில், அந்த ஐரோப்பிய ஒன்றிய வாக்கெடுப்பில் விலகுவதற்கா இருப்பதற்கா, எதற்கு வாக்களித்தாய் என்று கேட்டாய். கேக் கருகுகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. பதிலுக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் கட்சிக் கூத்தைக் கேள். ஐரோப்பாவை விட்டு விலகுவதா வேண்டாமா என்று மூன்று வருடமாக நாடே அடித்துக்கொள்கிறது. எதிர்க்கட்சியான நாங்கள் மட்டும் மென்று விழுங்கிக்கொண்டிருக்கிறோம். லண்டனிலிருந்து வாரம் ஒரு விளக்கம் வருகிறது. படித்து முடித்தால் முன்பு புரிந்ததும் புரியாமல் போகிறது.

மே இரண்டாம் தேதி நகரமன்றத் தேர்தல். நம் கிளைத் தலைவர் ட்ரெவர் கண்டுபிடித்த வழி, இரண்டு துண்டறிக்கை. விலகச் சொன்னவர்களுக்கு ‘மக்கள் தீர்ப்பை மதிப்போம்’. இருக்கச் சொன்னவர்களுக்கு ‘மக்களிடமே மறுபடி கேட்போம்’. இரண்டிலும் அதே வேட்பாளர், அதே பல் தெரியும் சிரிப்பு. இது ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்டேன்.

“பொய் சொன்னாத்தான் ஏமாத்து, மோரீன். நாம பிடிக்காததைச் சொல்லாம விடுறோம், அவ்வளவுதான்” என்றார்.

இருபத்திரண்டு வருடச் செயலாளர் நான், மறுபேச்சுப் பேசாமல் உட்கார்ந்து உறை ஒட்டினேன். ஓட்டுக் கேட்டுக் கதவு தட்டப் போகும்போது ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எந்தப் பக்கம் என்று குறிப்போமே, அந்தப் பட்டியலை வைத்துத்தான் பிரித்தோம். வீடு வீடாக அல்ல, பெயர் பெயராக. கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம் என்றால் ஒரே வீட்டில் இரண்டும் போய் விழுமே என்று எங்களில் ஒருவர் மண்டையிலும் உறைக்கவில்லை.

நேற்றுக் காலை சந்தையில் எங்கள் பிரசார மேசைக்கு வந்து ஆட்ரி லம், அவளுக்கும் அவள் கணவருக்கும் வந்த துண்டறிக்கை இரண்டையும் எடுத்துப் போட்டாள். “இதுல எதுப்பா உங்க கட்சி?” என்றாள். ட்ரெவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

“விளக்கம் வேணாம். ஒரு வார்த்தை சொல்லு.”

ட்ரெவர் இரண்டு தாளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வீட்டுக்கு வரும்வரைதான் அந்தச் சிரிப்பு.

சமையலறை மேசையில் அப்பா இரண்டு உறைகளைப் பிரித்து வைத்திருந்தார். நம் தெருவுக்கு உறை ஒட்டியது ட்ரெவர். அப்பா பெயருக்கு ஒன்று, என் பெயருக்கு மற்றது. பட்டியலில் என் பெயருக்கு எதிரே குறித்தது நானேதான், மூன்று வருடத்துக்கு முன்பு. கட்சியிடம் உண்மையைச் சொன்ன நான், அப்பாவிடம் ஐரோப்பாவில் இருக்கத்தான் ஓட்டுப் போட்டேன் என்று சொல்லியிருந்தேன்.

“மூணு வருஷமா என் எதிர்லதானே உக்காந்து டீ குடிச்ச” என்று மட்டும் சொன்னார். தோட்டத்துக்குப் போனவர் இருட்டும்வரை வரவில்லை.

ஆமாம் கெர்ரி, விலகத்தான் போட்டேன். ஆலைகள் மூடிய பிறகு நம் ஊரை எவனும் திரும்பிப் பார்க்கவில்லை என்ற கோபம். வாக்குச் சீட்டில் குறிக்கப் பென்சிலைப் பிடித்தபோது, ஐரோப்பாவில் குடியிருக்கும் உன் நினைப்போ ரூயியின் நினைப்போ எனக்கு வரவில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் இந்தக் கடிதத்தில் இத்தனை நேரமும் ட்ரெவரைத் திட்டித் தீர்த்தேன்.

மே கடைசியில் இருவரும் வருவதாக இருந்தீர்கள். உங்கள் அறைக்குப் புது விரிப்பு போட்டாயிற்று. வருகிறீர்களா, இல்லையா? ஒரு வார்த்தை எழுது. விளக்கம் வேண்டாம்.

நீங்கள் இருவரும் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

உன்
அம்மா