கணக்குப் பரீட்சைக்கு நீ போகாத அன்று

அக்கா,

நேற்று நல்ல மழை. திருப்பூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை ஆட்டோவில் ஏற்றிக் கோயில் கோயிலாகச் சுற்றிக் காட்டினேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது புதுப் பட்டுச்சேலைப் பெட்டியைச் சீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பின்னாலேயே ஓடிக் கொடுத்துவிட்டேன். அந்த அம்மாள் என் காலில் விழ வந்தார் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் சொல்வதற்கென்ன, நன்றி என்றார், அவ்வளவுதான். ஆனால் கொடுப்பதற்கு முன், சாரல் பட்ட அந்த அட்டைப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு வாசனை வந்தது. ஈரம் பட்ட புதுப்பட்டு. கஞ்சியும் சாயமும் கலந்த அந்த வாசனை உன் உள்ளங்கைக்கு உண்டு. பட்டை முகர்ந்தே எந்தத் தெருவில் நெய்தது என்று சொல்லிவிடக்கூடிய ஆட்டோக்காரன் இந்தக் காஞ்சிபுரத்தில் நான் ஒருவன்தான். நேற்று மட்டும் தெருவின் பெயருக்குப் பதில் உன் முகம் வந்து நின்றது.

அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். இருந்தாலும் பிள்ளையார்பாளையத்தில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னைத்தான் தேடி வருகிறார்கள். என் கையெழுத்தைப் பார்த்து ஒரு தாசில்தாரே எழுந்து நின்றிருக்கிறார். "நீ சொல்றதுல பாதியத் தள்ளிட்டா, மீதிப் பாதியும் சந்தேகம்தான்டா" என்பாய். சரி, தாசில்தார் சாப்பாட்டுக்குப் போக எழுந்ததாகவும் இருக்கலாம்.

உன் மகளைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கீர்த்தனா இப்போது பதினொன்றாம் வகுப்பு. என்னைவிட அரை அடி உயரம். நீ கண்ணை மூடி ஆறு வருஷம் ஆகிறது. போன தை மாதம் உன் வீட்டுக்காரர் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. தனியாகச் சமைத்துச் சாப்பிட்டு ஷிப்டுக்கு ஓடிக்கொண்டிருந்த மனிதர். வந்த பெண்ணும் நல்ல மாதிரி, அதிகம் பேசாதவள். இருவரும் ஒரகடத்தில், கம்பெனிக்குப் பக்கத்தில் வீடு எடுத்து இருக்கிறார்கள். கீர்த்தனா பள்ளிக்கூடத்தைச் சாக்காக வைத்து என் வீட்டில் தங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருவார்கள். அப்போதெல்லாம் இவள் விருந்தாளி மாதிரி நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வாள்.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்கு நீ அதிகமாகத் தேவைப்பட்டாய். "அம்மா எப்டி இருப்பாங்க? நான் அவங்கள மாதிரியா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். கேட்பது குழந்தை, சொல்வது நான். அப்புறம் என்ன ஆகும்?

பத்து வயதில் அவள் முதல்முறை கேட்டபோது, நீ கணக்கில் தொண்ணூறு வாங்கினாய் என்றேன். அடுத்த வருஷம் நூறு ஆயிற்று. அதற்கடுத்த வருஷம் கலெக்டர் பள்ளிக்கூடத்துக்கே வந்து உனக்குப் பேனா கொடுத்தார். உனக்குக் கோபமே வராது, ஒரு ஈயைக்கூட அதட்டியதில்லை என்றும் சொல்லிவைத்தேன். என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து, "போறுமே, அடுத்த வருசம் ஜனாதிபதிய இட்டாந்துடப் போறாரு" என்பாள். நான் கேட்டால்தானே.

அதன் பலனைக் கேள். பத்தாவது முடிந்ததும் கணக்கும் கம்ப்யூட்டரும் உள்ள குரூப்பை எடுத்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் இவளோடு உட்கார்ந்தவள் சுனந்தா. திருப்பருத்திக்குன்றத்து ஜைன வீட்டுப் பெண். அவள் காமர்ஸ் எடுத்தாள். "நீயும் வாடி, ஒண்ணா இருக்கலாம்" என்று கெஞ்சினாளாம். இவள், "எங்கம்மா நூத்துக்கு நூறு. எனக்கு ரத்தத்துலயே இருக்குது" என்று சொல்லிவிட்டாள். சுனந்தாவுக்கு அது குத்திவிட்டது. வகுப்பு வேறானது, மத்தியானம் சாப்பிடும் இடமும் வேறானது.

முதல் தேர்வில் கணக்கில் ஐம்பதுக்கு ஏழு. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள், டிபன் பாக்ஸை எடுத்துச் சமையலறைச் சுவரில் வீசினாள் பார், எவர்சில்வர் மூடி இன்னமும் சரியாக மூடுவதில்லை. வீசிவிட்டு அவளே பயந்துபோய் நின்றாள்.

"எனக்குக் கணக்கும் வரலை, கோவம் மட்டும் வருது. நான் எங்கம்மா மாதிரியே இல்ல மாமா. அப்பா வூட்லயும் நான் யாரோ. அப்போ நான் யாரு மாதிரிதான்?"

ஊரில் எந்தத் தூணுக்கும் கதை சொல்பவன் நான். அன்று குனிந்து, நசுங்கிய மூடியை நிமிர்த்த உட்கார்ந்தேன்.

அடுத்த சனிக்கிழமை சுனந்தாவோடு சமாதானம் பேசப் போனாள். சாயங்காலம் கூட்டிவரப் போனேன். வழக்கமாகத் தெருமுனையில் ஆட்டோவை நிறுத்திவிட்டு அங்கேயே இருப்பேன். அன்று மழை பிடித்துக்கொள்ள, சுனந்தாவின் அம்மா உள்ளே கூப்பிட்டுவிட்டார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடும் வீடு அது. இரண்டு பெண்களும் ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பார்த்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. எனக்கும் ஒரு இலை போட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டே, கேட்காமலே, உன் கணக்கு நூறையும் கலெக்டர் பேனாவையும் ஆரம்பித்தேன்.

அந்த அம்மாள் சாம்பார்க் கரண்டியோடு என்னையே உற்றுப் பார்த்தார்.

"இருப்பா. நீ ஸ்கூல் கேட்டாண்ட அக்காவுக்குச் சோறு எடுத்துக்கினு வந்து நிப்பியே, அந்தத் தம்பிதானே? அட, கீர்த்தனா அவ பொண்ணா! இத்தினி வருசமா இங்க வந்துக்கினு இருக்குது, எனக்குத் தெரியலியே!"

கீர்த்தனாவின் முகம் மலர்ந்தது. "ஆன்ட்டி, நீங்க எங்கம்மா கூடவா படிச்சீங்க? அவங்க கணக்குல நூறுதானே?"

"கணக்கா?" அந்த அம்மாள் ஒன்றும் அறியாமல்தான் சொன்னார். "கணக்குப் பரீட்சைக்கு அவ வரவே இல்லியேம்மா. எனக்கு முன் பெஞ்சு அவளோடது. மணி அடிச்சப்புறங்கூட நான் வாசலையே பாத்துக்கினு இருந்தேன். காலியாவே இருந்துது."

சோற்றில் கை வைத்தபடி உன் மகள் என்னைப் பார்த்தாள். அக்கா, மதம் பிடித்த யானைக்கு முன்னால்கூட நான் நின்றிருக்கிறேன். அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்க முடியவில்லை.

திரும்பும் வழியில் வயல் ஓரமாக ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். மழை விட்டிருந்தது, இன்னும் வெளிச்சம் இருந்தது.

"ஒரே ஒரு வாட்டி, ஒண்ணும் சேக்காம சொல்லு மாமா. அம்மா ஏன் போகலை?"

சொன்னேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நான் இதைச் சொல்லி நீ கேட்டதில்லை. நாம் இருவரும் ஒருநாளும் இதைப் பேசியதில்லை.

அப்போது எனக்குப் பன்னிரண்டு, உனக்குப் பதினாறு. தறியில் ஒரு முகூர்த்தச் சேலை. உடல் அரக்கு, கரை பச்சை, கோர்வை. கோர்வைச் சேலையை ஓர் ஆளால் நெய்ய முடியாது. அப்பா நடுவில் உட்கார்ந்து உடலுக்கான நாடாவை, நூல் வைத்த அந்த இரும்பு முனை மரக்கட்டையை, விடுவார். கரைக்கான நாடாவை விட ஓரத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். அந்த ஆள் எழுந்தால் தறி நின்றுவிடும். வழக்கமாக உட்காருகிறவள் நீ. பெண் வீட்டார் உன் கணக்குப் பரீட்சை அன்று சாயங்காலம் வந்துவிடுவார்கள், அரை முழம் பாக்கி. "அக்கா பரீட்சைக்குப் போவட்டும்பா, நான் ஒக்கார்றேன். வேணும்னா ரெண்டு நாடாவையும் நானே வுட்றேன்" என்று முந்தின நாளே மார்தட்டியிருந்தேன். நீ சிரித்தாய். நம்பவும் நம்பினாய்.

காலையில் தெருக்கோடியில் மேளம் கேட்டது. பங்குனித் திருவிழா, அறுபத்து மூவர் புறப்பாடு. ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வரலாம் என்று ஓடினேன். ஒரு நாயன்மாரைப் பார்த்தால் அடுத்தவரைப் பார்க்கத் தோன்றுகிறது. அறுபத்து மூவரையும் பார்த்துவிட்டு, கையில் பொரிப் பொட்டலத்தோடு வந்தபோது உச்சி வெயில். நீ தாவணியில், இரட்டைப் பின்னலோடு, பரீட்சைக்குப் புறப்பட்ட கோலத்திலேயே தறி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாய். ஜாமெட்ரி பாக்ஸும் ஹால் டிக்கெட்டும் மாடத்தில் இருந்தன. அப்பா கை கழுவ எழுந்து போனார். நீ நாடாவை எடுத்து என்மேல் வீசினாய்.

இங்கேதான் கீர்த்தனா குறுக்கே வந்தாள். "அம்மாவா? வீசினாங்களா?"

புருவத்துத் தழும்பைக் காட்டினேன். கோயில் யானை தள்ளியதால் வந்தது என்று ஊர் பூராவும் சொல்லிவைத்திருக்கும் தழும்பு. ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். "தையல் போட்டாங்களா?" "இல்ல. காப்பித்தூள வெச்சி அமுக்கிட்டா." "யாரு?" "உங்கம்மாதான். வீசுனவளும் அவதான், அமுக்குனவளும் அவதான்."

அப்பாவிடம் நீ சொன்ன இரண்டு வாக்கியங்களையும் அவளிடம் சொன்னேன். என் ரத்தத்துக்கு, "தறிக்கட்டையில இடிச்சிக்கினான்பா." பரீட்சைக்கு, "எனக்குக் கணக்கு வராதுப்பா, வுடு, அப்புறமா எழுதிக்கறேன்." எழுதவே இல்லை. உனக்குக் கணக்கு வருமா வராதா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாத இடத்தில்தான் நான் கொஞ்சம் கொஞ்சமாக நூறு மார்க் போட்டேன். நான் பிடுங்கிக்கொண்டதை எப்படியாவது உனக்குத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்றிருந்தது. அது உன் மகளின் தலையில் போய் உட்காரும் என்று நினைக்கவில்லை.

அவள் முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள். வீடு வந்து இறங்கி, நான்கு நாள் என்னோடு பேசவில்லை. நீயும் அன்றைக்கு நான்கு நாள்தான் பேசாமலிருந்தாய். கணக்கு சரியாக இருக்கிறது என்று வீட்டுக்காரியிடம் பெருமையாகச் சொன்னேன். "இதுல இன்னா பெரும?" என்றாள். பெருமைதான். அவளுக்கு எங்கே புரியப் போகிறது.

ஐந்தாம் நாள் கீர்த்தனா ஒரு தாளை நீட்டினாள். குரூப் மாற்றும் விண்ணப்பம். காமர்ஸ் என்று நினைத்தேன். வரலாறு என்று இருந்தது.

"சுனந்தா காமர்ஸ்லதானே இருக்குது?"

"அவ அவளுக்குப் புடிச்சத எடுத்தா. மத்தியானம் ஒண்ணா சாப்புடறோம், போதும்."

"வரலாறு படிச்சி இன்னா பண்ணுவ கண்ணு?"

"உன் ஆட்டோல வர்றவங்களுக்கு நெசத்தச் சொல்லுவேன்."

"பொழப்பக் கெடுத்துடாதம்மா!"

உன்னை மாதிரியே உதட்டை மடித்துக்கொண்டு சிரித்தாள் என்று எழுத வந்தேன். உதடு அவளுடையது. அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். விண்ணப்பத்தில் காரணம் என்று ஒரு வரி காலியாக இருந்தது. 'பரம்பரைத் தொழிலின் நிமித்தமும் தெய்வ சங்கல்பத்தாலும்' என்று ஆரம்பிக்கலாம் என்று பேனாவைத் திறந்தேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். 'மாணவியின் விருப்பம்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அவ்வளவு சிறியதாக இருந்ததே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்காரரும் அந்தப் பெண்ணும் வந்தார்கள். குரூப் மாறிய செய்தியைக் கேட்டு அவர் முகம் சுருங்கியது. "உங்கம்மா பேரக் காப்பாத்துவன்னு பாத்தேன்" என்று இழுத்தார். நான் சொன்ன நூறை அவரும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார், பாவம். வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அந்தப் பெண்தான் தலை நிமிராமல் மெல்லக் கேட்டாள்: "உங்கம்மாவப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது. அவங்க எப்டி இருப்பாங்க கீர்த்தனா?"

நாற்காலி விளிம்பில் இருந்தவள் இறங்கி, தரையில் அவளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அத ஏன் கேக்குறீங்க சித்தி! எங்கம்மாவுக்குக் கோவம் வந்தா அவ்ளோதான். ஒரு வாட்டி தறிலேர்ந்து நாடாவ எடுத்து ஒரே வீசு. மாமா பறந்துபோய் மூணாவது வீட்டு வாசல்ல விழுந்தாரு. அங்க ஒரு மாடு, அது பயத்துல கயித்த அறுத்துக்கினு ஓரிக்கை வரைக்கும் ஓடிப்போச்சு. அதத் தேடிப் புடிக்க ரெண்டு நாளு!"

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. உன் வீட்டுக்காரர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். என் வீட்டுக்காரி மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இது யாரு மாதிரின்னு இப்போ தெரிஞ்சு போச்சு" என்றாள்.

மாடு இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கீர்த்தனா என் பக்கம் திரும்பி, ஒரு கண்ணைச் சுருக்கினாள். மூடிக்கொண்டேன்.

நான் விழவே இல்லை, அக்கா. நாடா பட்ட இடத்தைக் கையால் பொத்திக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றேன். பொரி தரையெல்லாம் சிதறிக் கிடந்தது. நீ என்னைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தாய். கதையை அவள் எடுத்துக்கொள்ளட்டும், எத்தனை மாட்டை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளட்டும். நடந்தது இவ்வளவுதான் என்பதை நான் வைத்துக்கொள்கிறேன்.