நாற்பத்தொரு தேதிகள்

மார்ச் 3, திங்கள்
அண்ணனுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து ஐந்தாம் நாள். இனிக் குரல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏணி மேல் நின்று வயர் இழுக்கும்போதுகூட வாய் ஓயாத எலக்ட்ரீஷியன். பேனா பிடிக்கக் கை நடுங்குகிறது. லேப்டாப்பில் தட்டினால் திரையில் பெரிதாகத் தெரியும்படி சி என்ற கணினி மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தேன். தட்டுவதெல்லாம் ஒரு கோப்பிலும் சேரும்.
முதலில் தட்டியது: “கழுதை, ஆபீஸுக்கு லீவு சொன்னியா?”

மார்ச் 9
“இந்த நர்ஸ் ஊசி போடறாளா, சுவத்துல துளை போடறாளா?” என்று தட்டினான். அண்ணி சத்தமாகப் படித்துவிட்டு, “குரல் போயும் வாய்க்கொழுப்பு போகலையே!” என்றாள். எத்தனை நாள் கழித்துச் சிரிக்கிறாள்.

மார்ச் 21
அண்ணனுக்குக் காய்ச்சல். இன்று எதுவும் தட்டவில்லை.

மார்ச் 24
அண்ணன் போய்விட்டான்.

ஏப்ரல் 6
அண்ணி கேட்டாள். “அவர் தட்டினதெல்லாம் இருக்குல்ல? பிரிண்ட் எடுத்துக் குடு. எனக்கு அது போதும்.”
கோப்பைத் திறந்தேன். தேதி, நேரம். கீழே ஒன்றுமில்லை. மறுபடி தேதி, நேரம். ஒன்றுமில்லை. நாற்பத்தொரு தடவை.

ஏப்ரல் 7
கண்டுபிடித்துவிட்டேன். தமிழைக் கோப்பில் எழுதுமுன், எந்த மொழி எழுத்து வரப்போகிறது என்று நிரலுக்குச் சொல்ல வேண்டும். ஒரே வரி. அதை நான் எழுதவில்லை. திரைக்குப் போனது வேறு வழி. அங்கே எல்லாம் சரியாகத் தெரிந்தது. கோப்பில் தேதி, நேர எண்கள் மட்டும் விழுந்தன. முதல் தமிழ் எழுத்திலேயே வாக்கியம் நின்றுபோனது. ‘எழுத முடியவில்லை’ என்று ஒவ்வொரு முறையும் விடை திரும்பி வந்திருக்கும். நான்தான் அதைச் சோதிக்கவே இல்லை. ஆபீஸில் இதே தப்புக்கு எத்தனை பேரைக் கடிந்திருக்கிறேன்! சொந்த அண்ணனுக்குச் செய்யும்போது உனக்கு என்னடி அவசரம்?

ஏப்ரல் 9
“பிரிண்டர்ல மை இல்லை அண்ணி.” எப்படித்தான் வாய் வந்ததோ.

ஏப்ரல் 13
உண்மையைச் சொல்லிவிட்டேன். அண்ணி கத்தவில்லை.
“ஒரு வரியா?”
“ஆமா அண்ணி.”
“ஒரு வரி... அதைப் போய் மறந்துட்டியே.”
உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏப்ரல் 20
அண்ணி போன் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

மே 4, ஞாயிறு
காலையில் அண்ணி தானாகவே வந்தாள். இளைத்திருக்கிறாள். செருப்பைக் கழற்றும்போதே, “தேதியாவது இருக்குன்னியே. படி,” என்றாள்.
“மார்ச் 5, காலை 10.20.”
“ஜன்னலைச் சாத்தச் சொன்னார். முகத்துல வெயில்.”
தட்டினேன். கோப்பில் விழுந்ததா என்று திறந்து பார்த்தேன். விழுந்திருந்தது.
சிலது அவளுக்கு வார்த்தை பிசகாமல் ஞாபகம். சிலதற்கு உதட்டைப் பிதுக்கினாள்.
“மார்ச் 19, மாலை 4.40.”
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
“ஞாபகம் இல்லையா அண்ணி?”
“இருக்கு. அது எனக்குச் சொன்னது. விட்டுடு.”
விட்டுவிட்டு அடுத்த தேதியைப் படித்தேன்.