கத்தரித்த வரி

14 மே 1974

சென்னையிலிருந்து எங்கள் தீவுக்குக் கப்பல் இன்னும் வரவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் செய்தித்தாள்கள் ஒரே கட்டாக வரும். அப்துல் கனி பாய் தன் தேநீர்க் கடையில் தேதி வரிசைப்படி நாளுக்கு ஒன்றுதான் பிரிப்பார். ஆங்கிலத்தை நான் தமிழில் வாசிப்பேன். பதினெட்டு வருடப் பழக்கம்.

சுவரில் ஒட்டிய 1963 ஆகஸ்டுச் செய்தித் துண்டு பழுத்துவிட்டது. அணுகுண்டுச் சோதனைத் தடை ஒப்பந்தம். அன்று எல்லோருக்கும் இலவசத் தேநீர். போரின்போது தீவைப் பிடித்த ஜப்பான்காரர்கள் மரைன் ஹில்லில் பதுங்குகுழி தோண்டக் கூட்டிப்போன பாயின் அண்ணன் திரும்பவேயில்லை. ஒப்பந்தச் செய்தி கேட்ட மறுநாளே அந்தக் குழியின் வாயைப் பாய் செங்கல் வைத்து அடைத்தார். சாந்து குழைத்தவன் நான். எவ்வளவு சிரித்தோம்!

18 மே

வானொலியில் செய்தி: ராஜஸ்தானில், நிலத்தடியில், நம்முடைய அணுச் சோதனை. அபர்டீன் பஜாரில் ஜிலேபி கொடுத்தார்கள். என் சென்னைப் பத்திரிகைக்குச் செய்தித் தந்தி அனுப்பிவிட்டுக் கடைக்குப் போனேன்.

மரக் காண்டிராக்டர் சொக்கலிங்கம் சீண்டிக்கொண்டிருந்தார். "பாய், உங்க சுவத்துக் காயிதம் புஸ்ஸாப் போச்சே!"

"அரே, நாமளும் கையெழுத்துப் போட்டிருக்கோம். வாக்கு மாறுவோமா? ரேடியோ ஆயிரம் சொல்லும். பேப்பர் வரட்டும்."

19 மே

அந்த ஒப்பந்தம் காற்றிலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும்தான் தடுத்தது. நிலத்தடியைத் தடுக்கவில்லை. அது செய்தியின் கடைசி வரியில் இருந்தது. அன்று பாய் சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தார் — அந்த வரியை நான் வாசிக்கவில்லை. சுவரில் ஒட்டத் துண்டைக் கொடுத்தபோதும் அந்த வரிக்கு மேலேயே கத்தரித்தேன்.

ஏன்டா அப்படிச் செஞ்ச? என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

27 மே

கப்பல் வந்தது. கட்டுக்குள் மே 11 முதல் 22 வரையான தாள்கள்.

"பத்தொம்பதாம் தேதிய எடுங்க பாய்!" என்றார் சொக்கலிங்கம்.

"வரிசைன்னா வரிசைதான். பஸ், அவ்ளோதான்."

பதினொன்றாம் தேதித் தாளைப் பிரித்தார். எனக்கு இன்னும் எட்டு நாள்.

1 ஜூன்

பதினாறாம் தேதித் தாள். வாசித்தேன். கத்தரித்ததை இன்னும் சொல்லவில்லை.

4 ஜூன்

பத்தொன்பதாம் தேதித் தாள். நிலத்தடிச் சோதனைக்கு 1963 ஒப்பந்தம் தடையில்லை என்ற வரியை வாசித்தேன். கத்தரித்த கதையையும் சொன்னேன்.

பாய் அடுப்பையே பார்த்தார். "அப்ப நம்மாளுக வாக்கு மாறல. நீங்கதான் மாறிட்டீங்க, ரிப்போட்டரே."

"ஆமா பாய்."

எனக்குத் தேநீர் வரவில்லை.

5 ஜூன்

என் இடத்தில் இருபதாம் தேதித் தாள் பிரிக்காமல் கிடந்தது. அதன்மேல் ஒரு வெள்ளைத்தாள், பேனா, தேநீர்.

"அந்த வரிய எழுதுங்க. சுவத்துத் துண்டுக்குக் கீழ ஒட்டணும்."

எழுதினேன். கத்தரிக்கோலை எடுத்தேன்.

"இருங்க. கொஞ்சம் இடம் விடுங்க."

"எதுக்கு பாய்?"

"நிலத்தடிச் சோதனையையும் ஒருநாள் நிறுத்துவாங்கல்ல. அன்னைக்கும் நீங்கதான் வாசிக்கணும். பூரா வாசிக்கணும்."

வரிக்குக் கீழே நான்கு விரல் விட்டுக் கத்தரித்தேன்.