பகல் விளக்கு

பிரம்மநாயகி தன் கணவனுக்குச் சீட்டு எழுதினாள்:

"பிள்ளைக்கு உடம்பு அனலாக் கொதிக்கு. காலையிலிருந்து கண்ணே திறக்கல. பொம்பளப்பிள்ளைக்கு டாக்டரெல்லாம் வேஸ்ட், கோயில் புற்றுமண்ணே போதும்னு சொன்னீங்க. பூசுன மண்ணு நெத்தியிலேயே காஞ்சு உதிருது. தென்காசி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன்.

பழையது உறியில இருக்கு. மோரு ஊத்திக்கோங்க.

தலைக்குப் பூ வேஸ்ட், ரெண்டாம் காப்பி வேஸ்ட்னு நீங்க சொல்லுதப்பல்லாம் சிரிச்சுக்கிட்டேன். இதுக்குச் சிரிக்க முடியல. பயமா இருக்கு."

பிள்ளையைத் தோளில் போட்டு வாசல்வரை போனவள், திரும்பி வந்து அடியில் இடுக்கி எழுதினாள்:

"கோமதியம்மன் படத்துக்கு முன்னால விளக்கு எரியுது. பகல்ல எண்ணெய் வேஸ்ட்னு அமத்திராதீங்க. இவ கண்ணு முழிக்கட்டும், நானே வந்து அமத்துதேன்."