டியூப் கட்டிய பட்டன்

நவம்பர் 4, செவ்வாய்

விடியும்போதே மழை. ஆரணியில் ஏறும்போதே கம்பெனி பஸ்ஸில் சீட்டெல்லாம் ஈரம். சிப்காட்டுக்குள் திரும்பும் இடத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. டிரைவர் கண்ணை மூடி ஒரு கும்பிடு போட்டுவிட்டு பஸ்ஸை உள்ளே விட்டார்.

இன்று தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் பூஜை. போன வாரம் பெரிய பிரஸ்ஸில் முனுசாமி அண்ணனுக்கு வலது கை போனதற்குப் பரிகாரம். திருவள்ளூரிலிருந்து ஐயரைக் காரில் அழைத்து வந்தார்கள். பூசணிக்காய், எலுமிச்சம்பழம், கற்பூரம். மெஷினுக்குச் சந்தனப் பொட்டு, ஆளுயர மாலை. "ஆச்சு, இனிமே ஒண்ணும் வராது" என்று ஐயர் சொன்ன கையோடு லைனை ஓட்டிவிட்டார்கள். மெஷினுக்கு மாலை வாங்கியவர்களுக்கு, ஆஸ்பத்திரியில் கிடக்கிற மனுஷனுக்கு நாலு சாத்துக்குடி வாங்கத் தோன்றவில்லை.

அந்த மெஷினில் மறுபடி டேனியலையே நிறுத்தியிருக்கிறார்கள். அன்றைக்கு அண்ணனுக்கு எதிரில் நின்று பட்டனை அழுத்தியவன் அவன்தான். முகம் செத்துக் கிடக்கிறது.

வாங்க வேண்டியது: து. பருப்பு, கொசுவத்தி, பாப்பாவுக்கு சார்ட் பேப்பர்.

நவம்பர் 5, புதன்

மழை விட்டு புழுக்கம். ஹெச்.ஆர். மேடம் ரூமுக்குக் கூப்பிட்டார். ஏ.சி. குளிரில் மூக்கு அடைத்துக்கொண்டது.

"கலா, டேனியல் கிட்ட கொஞ்சம் பேசுங்க. அடுத்த வாரம் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றார். அவன் ஸ்டெடியா இருக்கணும்."

"மொதல்ல அவன அந்த மெஷின்லேர்ந்து மாத்துங்க மேடம். டாக்டராண்ட அனுப்புங்க."

"ஆள் ஷார்ட்டேஜ்ல எப்படி மாத்தறது? நீங்க காது குடுத்துக் கேளுங்க, அது போதும். அதுக்குத்தானே உங்களுக்கு ட்ரெயினிங் குடுத்தோம்."

ட்ரெயினிங்காம். கோடையில் ஓர் அரை நாள் வகுப்பு. மனநல முதலுதவி. சமோசா, டீ, குரூப் போட்டோ, கடைசியில் ஒரு பச்சை பேட்ஜ். க்யூ.சி.யில் தகடு செக் பண்ண ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவள், அதிலும் பொம்பளை, பொறுமையாகக் கேட்பாள் என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். முதலுதவி என்றால் டாக்டர் வரும் வரைக்கும் என்று அந்த வகுப்பிலேயே சொன்னார்கள். டாக்டர் எங்கே என்று கேட்டேன். கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றார்கள். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

பேட்ஜ் குத்தியதிலிருந்து ஒருத்தனும் பக்கத்தில் வருவதில்லை. என்னோடு பேசினவனை, "இன்னா மச்சி, மெண்டலாய்ட்டியா" என்று ஷிப்ட் முடிகிற வரை ஓட்டுகிறார்கள். பேச வேண்டும் என்கிறவர்கள் கேன்டீனில் தட்டு கழுவும் இடத்துக்குத்தான் வருவார்கள். எல்லாக் குழாயும் திறந்திருக்கும், பக்கத்தில் இருப்பவனுக்கு ஒன்றும் கேட்காது. நானும் பேட்ஜைக் கழற்றி டிபன் பையில் போட்டுக்கொண்டுதான் போவேன்.

நவம்பர் 7, வெள்ளி

தூறல். கேன்டீனில் காரக்குழம்பு, உப்பு அதிகம்.

குழாயடிக்கு டேனியல் வந்தான். சோறு அப்படியே இருந்தது. அதைக் கொட்டிவிட்டுத் தட்டைக் கழுவினான், கழுவினான், கழுவிக்கொண்டே இருந்தான்.

"துன்ன முடிலக்கா. சோத்துல கைய வச்சா அண்ணன் கையிதான் நெனப்பு வர்து. கண்ண மூடுனா பிரஸ்ஸு எறங்குது. நான்தான அமுக்குனேன். நான் அமுக்காம இருந்தா அவருக்கு கையி இருக்கும்."

நேராகக் கேட்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னார்கள். கேட்டேன். "செத்துரலாம்னு தோணுதாடா?"

"ரெண்டு மூணு வாட்டி தோணுச்சு. ஸ்டெல்லா மூஞ்சிய பாத்துக்கினு சும்மா கீறேன்."

ஸ்டெல்லா அவன் பெண்டாட்டி. நாளைக்கே அரசு ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிப்போகிறேன், ஸ்டெல்லாவும் கூட வரட்டும் என்றேன். தலையாட்டினான்.

இதை எழுதி வைக்கிறேன். பெரிய பிரஸ்ஸில் இரண்டு பேர் எதிரெதிரே நிற்க வேண்டும். ஆளுக்கு இரண்டு பட்டன், இரண்டு கைக்கும். நாலையும் சேர்த்து அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். யார் கையும் உள்ளே இருக்கக் கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறான், செய்தவன். எங்கள் ஷாப்பில் அண்ணன் பக்கத்து இரண்டு பட்டனையும் அமுக்கி, சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டியிருக்கும். "கட்டு போட்டு ஓட்டுங்கப்பா" என்பார் ஷிப்ட் இன்சார்ஜ். அண்ணன் தகட்டை வைத்து எடுப்பதோடு சரி, டேனியல் மட்டும் அழுத்துவான். உருப்படி கூடும். மேலே இருப்பவர்கள் தினமும் அந்த வழியாகத்தான் நடந்து போவார்கள். செக்கிங்குக்குத் தகடு எடுக்கப் போகும் நானும் பார்ப்பேன். செருப்பு ஸ்டாண்டைப் போல அதுவும் அங்கே ஒரு சாமான், அவ்வளவுதான். அன்றைக்கு ஆம்புலன்ஸ் வருவதற்குள் அந்த டியூப்பை அறுத்து எடுத்துவிட்டார்கள்.

"டேய், நாலு பட்டன்ல ரெண்டுதான் உன்னுது. மீதி ரெண்ட அமுக்குனது யாரு? டியூபு. அத யாரு கட்ட சொன்னது?"

தட்டைக் கீழே வைத்தான். "இத யாருமே என்னாண்ட கேக்கலக்கா." கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "இன்ஸ்பெக்டராண்ட சொல்லுவேன்."

புத்தி சொல்லக் கூடாது என்பதும் வகுப்பில் சொன்னதுதான். சொல்லிவிட்டேன். வேண்டுமானால் சமோசாவைத் திருப்பிக் கேட்கட்டும்.

நவம்பர் 8, சனி

ஆஸ்பத்திரியில் கூட்டம். ஆனாலும் டாக்டர் அவசரப்படாமல் கேட்டார். பைத்தியமெல்லாம் இல்லை, பெரிய அதிர்ச்சி, யாருக்கும் வரக்கூடியது, அந்த மெஷின் பக்கமே கொஞ்ச நாள் விடாதீர்கள் என்றார். தூங்க மாத்திரை. ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

வீட்டுக்காரருக்குக் கோபம். வள்ளூரில் நைட் ஷிப்ட் முடித்து வந்தவருக்கு நாஷ்டா இல்லையாம். "ஊரு பேஜாரெல்லாம் உனுக்கு இன்னாத்துக்கு?" தோசை ஊற்றிக் கொடுத்தேன், ஒன்று தீய்ந்துவிட்டது.

நவம்பர் 10, திங்கள்

வெயில். டாக்டர் சொன்னதைச் சொல்லி டேனியல் லீவு கேட்டிருக்கிறான். மேடம் மிகவும் அன்பாக விசாரித்தாராம். என்ன மாத்திரை, எந்த டாக்டர், கனவு வருகிறதா, சாகத் தோன்றுகிறதா. இவனும் வெள்ளந்தியாக எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறான். லீவு மட்டும் இன்ஸ்பெக்டர் வந்து போன பிறகுதானாம். இன்றும் அதே பிரஸ்.

இவ்வளவு அக்கறை எதற்கு என்று எனக்கு உறுத்துகிறது.

நவம்பர் 12, புதன்

மழை.

இன்ஸ்பெக்டர் வந்தார். டேனியல் திக்காமல் சொன்னான். டியூப் கட்டியது, கட்டச் சொன்னது, அறுத்தது, எல்லாம். இன்சார்ஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடம்தான் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆரம்பித்தார்.

"சார், பாவம், அவருக்கு மனசு சரியில்ல. ட்ரீட்மெண்ட்ல இருக்கார், மாத்திரை சாப்பிடறார். இல்லாததெல்லாம் தோணும்போல. எங்க மனநல முதலுதவியாளர்தான் கவனிச்சுக்கறாங்க, அவங்களையே கேளுங்க."

அக்கறை எதற்கு என்று அப்போது விளங்கியது. அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நான். அந்த மாத்திரையை எடுத்தே அவனை அடிக்கிறார்கள்.

"அவன் தெளிவா கீறான் சார். டியூப் கட்டுனத நானும் தெனம் பாத்துக்கினுதான் இருந்தேன்."

இன்ஸ்பெக்டர் என் பேட்ஜைப் பார்த்தார். "நீங்க டாக்டராம்மா?"

"இல்ல சார்."

"அப்புறம் தெளிவா இருக்கார்னு எப்படி சொல்றீங்க?"

அவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று சொல்லியிருந்தால், என் அரை நாள் வகுப்பே போதுமாக இருந்திருக்கும். தெளிவாக இருக்கிறான் என்று சொல்ல மட்டும் டாக்டர் படிப்பு வேண்டுமாம். நான் சொன்னதை எழுதிக்கொண்டாரா, தெரியவில்லை. பிறகு எல்லாருக்கும் முந்திரி பிஸ்கட், டீ.

நவம்பர் 13, வியாழன்

வானம் மூட்டம். கேன்டீனில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் டேனியலைக் கம்பெனி கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அவன் நலம் கருதி ஓய்வாம். எவ்வளவு நாள், சம்பளம் உண்டா, யாரும் சொல்லவில்லை. லீவு கேட்டபோது இந்த நலம் எங்கே போயிருந்தது.

ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"வேல பூட்ச்சுன்னுதான்க்கா நெனைக்கிறேன். ஊட்டுக்கு வரல. கேட்லேர்ந்து நேரா பஸ்ஸு ஏறி முனுசாமி அண்ணனாண்ட போய்கீறாரு. இத்தினி நாளா அந்த ஆஸ்பத்திரி பேர எடுத்தாலே நடுங்கினு கெடந்தாரு. இப்ப அண்ணனுக்கு சோறு ஊட்டிக்கினு கீறாராம். அண்ணன் திட்டி, அதே தட்டுல இவரையும் துன்ன வச்சாராம்."

போனை வைத்துவிட்டு அழுதேன். குழாயடியில் நின்று, எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு.

ஆபீஸ் பையன் வந்து நிற்கிறான். மேடம் உடனே வரச் சொன்னாராம், பேட்ஜையும் எடுத்துக்கொண்டு. போய்ச் சொல்லு, சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன் என்றேன்.