ஐந்தாம் நம்பர் பிரஸ்ஸுக்கு வைத்த பொட்டு

10 ஜூன் 2024, திங்கள்
இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கிறது, இருக்கட்டும். இன்று வெங்காயம் நறுக்கினேன், புளி கரைத்தேன், ஒரு பாத்திரமும் கீழே விழவில்லை. மார்ச் மாதம் பிரஸ்ஸில் போன இரண்டு விரல்களை நினைத்து இனி அழப்போவதில்லை.

14 ஜூன், வெள்ளி
கம்பெனியிலிருந்து வக்கீல் கடிதம். சனத்நகர் பட்டறையில் பதினான்கு வருடம் தகடு அழுத்தும் ஐந்தாம் நம்பர் பிரஸ் ஓட்டினேன். அச்சுக்கும் கைக்கும் நடுவே நிற்கும் இரும்புத் தடுப்பை, கார்டு என்போம், வேலை சீக்கிரம் முடிய நானே கழற்றிவிட்டேனாம். வேண்டுமென்றே. அதனால் நஷ்டஈடு கிடையாதாம்.

நானா கழட்டினேன்? இருந்தாத்தானே கழட்ட? அது எத்தனையோ மாசமா மூலையில துருப்பிடிச்சுக் கிடக்குது. விரல் போனப்பகூட இப்படி எரியல.

19 ஜூன், புதன்
திருமுல்கேரியில் வக்கீல் ராஜியைப் பார்த்தேன். என்னைவிடப் பத்து வயது சின்னவள், கண்ணாடி வழியாக நேராகப் பார்க்கிறாள். "அக்கா, தொகையெல்லாம் அப்புறம். கார்டைக் கழட்டினது நீங்க இல்லன்னு காட்டணும். அவ்வளவுதான் கேஸ். சாட்சி இருக்காங்களா?" சலீம் இருக்கிறான் என்றேன். அவன்தான் பட்டறையில் ஃபிட்டர். முதலாளி சேட் சொல்லி அந்தக் கார்டைக் கழற்றியதே அவன்தான்.

23 ஜூன், ஞாயிறு
"நக்கோ அக்கா, சாட்சி வேணாம்," என்றான் சலீம். "மூணு பசங்க எனக்கு. சேட் தூக்கிடுவாரு." வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வந்தேன். அவன் பயம் நியாயமானது. அதுதான் கோபம்.

2 செப்டம்பர், திங்கள்
வாய்தா.

11 அக்டோபர், வெள்ளி. ஆயுத பூஜை.
அரிவாள்மணைக்கும் கத்தரிக்கோலுக்கும் மகள் அக்ஷதாவின் லேப்டாப்புக்கும் பொட்டு வைத்தேன். பட்டறையில் இதைச் சேட் தன் கையால்தான் செய்வார். ஒவ்வொரு மிஷினுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. பிறகு அதை ஓட்டுகிறவரோடு நின்று ஒரு படம். சாயங்காலம் வாழ்த்தோடு எல்லாருக்கும் வாட்ஸப்பில் அனுப்பிவிடுவார். போன வருடப் படத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன், அதனால் யாருக்கும் காட்டியதில்லை. இன்று அக்ஷதா என் போனில் கண்டுபிடித்துவிட்டாள். பெரிசாக்கிப் பார்த்துச் சிரித்தாள். சட்டென்று நிறுத்தினாள்.

"அம்மா, இக்கட கார்டே லேது."

என் மகளுக்குத் தமிழில் பேச வராது, தெலுங்குதான்; இங்கே கார்டே இல்லை என்கிறாள். போனைப் பிடுங்கிப் பார்த்தேன். கார்டு மாட்டும் இடத்தில் நான்கு போல்ட் ஓட்டைகள், காலி. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பொட்டு. பக்கத்தில் சேட், பல்லெல்லாம் தெரிய. எனக்கு அடிபட்டதற்கு ஐந்து மாதம் முந்தைய படம். விபத்துக்குப் பிறகு என்னைக் குரூப்பிலிருந்து நீக்கினார்கள். என் போனிலிருந்து நீக்க முடியவில்லையே.

18 பிப்ரவரி 2025, செவ்வாய்
தொழிலாளர் ஆணையர் முன்னால் விசாரணை. எல்லாம் தெலுங்கில் நடந்தது, நினைவிலிருந்து எழுதுகிறேன். விபத்து நடந்த காலை வரை கார்டு இருந்தது என்று சேட் சத்தியம் செய்தார். ராஜி அதையே மூன்று முறை சொல்ல வைத்தாள். பிறகு படத்தை நீட்டினாள்.

"இந்த வாழ்த்து நீங்க அனுப்பினதா?"

"ஆமா."

"பொட்டு வெச்சது?"

"நான்தான். எல்லா மிஷினுக்கும் நானேதான் வைப்பேன்." பெருமையாகத்தான் சொன்னார்.

"எது மேல வெச்சிருக்கீங்கன்னு பாருங்க."

பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஆணையர் படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் எடுத்துப்போனார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. எட்டு விரலாலும் தட்டியிருப்பேன்.

6 மார்ச், வியாழன்
சலீம் வந்தான். உட்காரவில்லை. "நானும் சொல்றேன் அக்கா. கழட்டினது நான், கழட்டச் சொன்னது சேட்." டீ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை இரண்டு ஸ்பூன், அவனுக்கு அப்படித்தான் பிடிக்கும்.

7 ஆகஸ்ட், வியாழன்
உத்தரவு வந்துவிட்டது. முழுத் தொகை, வட்டியோடு. நான் தொகையைப் பார்க்கவில்லை. "தொழிலாளியின் தவறு எதுவும் நிரூபிக்கப்படவில்லை, தடுப்பு இல்லாமல் இயந்திரத்தை இயக்கவைத்தது நிர்வாகமே" என்ற வரியை ராஜி தமிழில் சொல்ல, நான்கு முறை சொல்லச் சொன்னேன். போவன்பள்ளி வரை ஆட்டோவில் சத்தமாகப் பாடிக்கொண்டே வந்தேன். டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். ஜெயிச்சுட்டேடி கனகம்.

1 அக்டோபர், புதன். ஆயுத பூஜை.
சலீம் ஒரு படம் அனுப்பியிருக்கிறான். அவனைத் தூக்கச் சேட்டுக்குத் தைரியம் வரவில்லை. ஐந்தாம் நம்பர் பிரஸ்ஸில் மஞ்சள் பெயின்ட் அடித்த புதுக் கார்டு, நான்கு போல்ட்டும் முறுக்கியிருக்கிறது. பொட்டு இந்த முறை கார்டின் மேல். என் இடத்தில் யாரோ ஒரு சின்னப் பெண், கார்டின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

பெரிசாக்கி அவள் விரல்களை எண்ணினேன். பத்து. இன்னொரு முறையும் எண்ணினேன்.